பழைய வீட்டைப் புதுப்பிக்க: மொத்தக் கான்ட்ராக்டா, கூலி கான்ட்ராக்டா, தினக்கூலியா?

எங்கள் வீடு அப்பா 1988-ல் கட்டியது. திருச்சியில் திருவெறும்பூர் பக்கம், தரைத்தளம் மட்டும், 950 சதுர அடி. முப்பத்தாறு வருஷத்தில் இரண்டு முறை வெள்ளையடித்ததும் ஒருமுறை மோட்டார் மாற்றியதும் தவிர யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை. 2024 கார்த்திகையில் கூடத்துச் சீலிங்கில் ஈரம் படர்ந்து, சமையலறை மூலையில் உள்ளங்கை அளவுக்கு சிமெண்ட் பெயர்ந்து, அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்த மேடையின் மேலேயே விழுந்தது. அன்றைக்கு முடிவு செய்தோம், தை பிறந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுவது என்று. கையில் எட்டு லட்சம் இருந்தது, தேவைப்பட்டால் இன்னும் ஒன்றேகால் லட்சம் வரை புரட்டலாம், அதற்கு மேல் முடியாது.

டைல்ஸ், பெயிண்ட் கலர் இதையெல்லாம் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். வேலையை எந்த முறையில் கொடுப்பது என்பதை யாரும் விவரமாகச் சொல்வதில்லை, பட்ஜெட் காலியாவதும் மிஞ்சுவதும் அதில்தான் இருக்கிறது.

மூன்று வழி இருக்கிறது. மெட்டீரியலோடு சேர்த்து மொத்தமாக ஒருவரிடம் விட்டுவிடுவது ஒன்று. சாமான் எல்லாம் நாம் வாங்கித் தந்து, கூலியை மட்டும் பேசி முடிப்பது இன்னொன்று. மூன்றாவது, கொத்தனாரையும் ஆட்களையும் தினக்கூலிக்கு வைத்து நாமே வேலை வாங்குவது. எங்களுக்கு மொத்தக் கான்ட்ராக்டுக்கு வந்த கொட்டேஷன் 9,40,000. கூலி கான்ட்ராக்டுக்கு ஒரு மேஸ்திரி கேட்டது 3,10,000, சாமான் ஐந்து லட்சத்துக்குள் அடங்கும் என்று அவரே சொன்னார். தினக்கூலிக்கு மொத்தத் தொகை என்று எதுவும் கிடையாது. அப்போது எங்கள் பகுதியில் கொத்தனாருக்கு 1,000, பெரியாளுக்கு 800, சித்தாளுக்கு 600, இதற்கு மேல் இரண்டு வேளை டீ, வடை, அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

இந்தத் தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் கூலி கான்ட்ராக்ட்தான் மலிவு என்று தோன்றும், எனக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் தோன்றியது. மூன்றாம் நாள் அந்த 9,40,000 கொட்டேஷனை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். டைல்ஸ் சதுர அடி 45 ரூபாய் வரை, அதற்கு மேல் போனால் நம் கணக்கு. ஃபேன், லைட், ஸ்விட்ச் பிளேட் சேராது. இடித்த ரப்பிஷை அள்ளிக்கொண்டு போவது சேராது. கிரில்லுக்கு பெயிண்ட் சேராது. ‘ஸ்லாப் ரிப்பேர் 85,000’ என்று ஒரே ஒரு வரி, எத்தனை சதுர அடி, என்ன முறையில் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசி வரியில் பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி தனி. அது 18 சதவீதம், 9,40,000-க்கு அதைப் போட்டால் மட்டும் 1,69,200 ஏறுகிறது. பேங்கில் கடன் வாங்கிச் செய்கிறவர்களுக்கு எஸ்டிமேட்டும் பில்லும் தேவைப்படும் என்பதால் அந்த வரியை அவர்களால் ஒதுக்கிவிட முடியாது. விட்டுப்போனதையெல்லாம் நானே சேர்த்தபோது, ஜிஎஸ்டி இல்லாமலேயே பத்தரை லட்சம் வந்தது.

இதில் கான்ட்ராக்டர் மேல் தப்பு என்று சொல்ல மாட்டேன். சுவருக்குள்ளும் சீலிங்குக்குள்ளும் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாத வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை சொல்லச் சொன்னால், மோசமான நிலைமையை மனதில் வைத்து ஏற்றித்தான் சொல்வார், இல்லையென்றால் குறைத்துச் சொல்லிவிட்டு பிறகு ‘எக்ஸ்ட்ரா வேலை’ என்று தனியாகக் கேட்பார். இரண்டிலும் செலவு நம் தலையில்தான் விழும். புது வீட்டுக்கு சதுர அடி ரேட் பேசுவது சரி, அங்கே எல்லாமே பிளானில் இருக்கிறது. பழைய வீட்டில் பாதி வேலை பூச்சுக்குப் பின்னால் இருக்கிறது.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, விலை கேட்பதற்கு முன்னால் வீட்டைத் திறந்து பாருங்கள். இதற்கு எனக்கு ஆன செலவு 1,600 ரூபாய், ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் கூலி. அந்தக் கொத்தனார் முதலில் சுத்தியலின் கைப்பிடியால் சீலிங்கை அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கல்லில் தட்டுவது போல் கெட்டியான சத்தம், உள்ளே விட்டுப்போன இடத்தில் காலிப் பானையைத் தட்டுவது போல் ‘டொப்’ என்று வரும். டொப் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, அளந்து எழுதிக்கொண்டோம், 62 சதுர அடி வந்தது. அதில் ஒரு இடத்தைக் கொத்திப் பார்த்தால் கம்பி துருவேறிப் பருத்து, மேலிருக்கும் சிமெண்டைத் தள்ளிக்கொண்டிருந்தது, விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. பாத்ரூம் சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி உடைத்தோம், உள்ளே ஜிஐ (முலாம் பூசிய இரும்பு) பைப், அறுத்துப் பார்த்தால் உப்பும் துருவும் அடைத்து உள்ளே சுண்டுவிரல்கூட நுழையவில்லை. ஹாலில் ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றினால் எர்த் வயரே இல்லை.

இந்த ஒரு நாளுக்குப் பிறகுதான் மூன்று வழிகளையும் உருப்படியாக ஒப்பிட முடிந்தது. மேஸ்திரியிடம் பேசும்போது ‘சீலிங் கொஞ்சம் விட்டிருக்கு’ என்று சொல்வதற்கும் ‘62 சதுர அடி, கம்பி தெரியும்வரை கொத்தி, துருவைத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த சாந்தில் திரும்பப் பூச வேண்டும்’ என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது பாருங்கள்.

நான் கண்டுகொண்டது, முழு வீட்டுக்கும் ஒரே வழி என்று எதுவும் கிடையாது. வேலையைப் பிரித்துப் பாருங்கள். அளக்க முடிந்த வேலையா, திறந்தால்தான் தெரியும் வேலையா? டைல்ஸ் பதிப்பது, பெயிண்ட், மொட்டைமாடித் தளம், இவையெல்லாம் டேப் வைத்து அளக்கக்கூடியவை, இவற்றைச் சதுர அடிக் கூலிக்குக் கொடுக்கலாம். கம்பி துரு, உள்பைப் மாற்றுவது, கரையான் அரித்த நிலைக்கதவு, இவை திறந்த பிறகுதான் தெரியும், இவற்றைத் தினக்கூலிக்குத்தான் கொடுக்க வேண்டும். மொத்தக் கான்ட்ராக்டில் 85,000 கேட்ட அந்த சீலிங் வேலை தினக்கூலியில் சாமானோடு சேர்த்து 38,000-ல் முடிந்தது. காரணம், தெரியாத வேலைக்கான பயத்துக்கு நாங்கள் விலை கொடுக்கவில்லை. அதே சமயம் உள்ளே இன்னும் மோசமாக இருந்திருந்தால் அந்தச் செலவும் எங்களுடையதுதான், அதையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

டைல்ஸில் கதை வேறு. ஹாலும் இரண்டு அறைகளும் சேர்ந்து 700 சதுர அடி. பதிக்கும் கூலி சதுர அடிக்கு 32 ரூபாய் என்றால் 22,400. தினக்கூலியில் கொத்தனார், பெரியாள், சித்தாள் மூன்று பேருக்கும் ஒரு நாளைக்கு 2,400, ஒரு நாளைக்கு 80 சதுர அடி போட்டால் ஒன்பது நாள், 21,600. கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சதுர அடிக் கூலியில் வேலை இழுத்தால் நஷ்டம் அவருக்கு, தினக்கூலியில் இழுத்தால் நமக்கு. வேலைக்குப் போகிறவர் என்றால், வீட்டில் நின்று மேற்பார்வை பார்க்க ஆள் இல்லையென்றால், அளக்க முடிந்த வேலையைத் தினக்கூலிக்கு விடவே விடாதீர்கள். சதுர அடிக் கூலியில் ஒரே ஆபத்து அவசரம், டைலுக்கு அடியில் சாந்து முழுக்கப் பரவாமல் நாலு மூலையில் மட்டும் வைத்து ஒட்டிவிடுவார்கள். தினமும் சாயங்காலம் ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிப் பாருங்கள், சீலிங்குக்குச் சொன்ன அதே டொப்தான் இங்கேயும். காய்வதற்குள் சொன்னால் எடுத்துத் திரும்பப் பதித்துத் தந்துவிடுவார்கள், ஒரு வாரம் கழித்துச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

சாமானை யார் வாங்குவது என்பதிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். சுவருக்குள் போய் மறைவதை நாமே கடைக்குப் போய் வாங்க வேண்டும், வெளியே தெரிவதை யார் வாங்கினாலும் பரவாயில்லை. வயர், பைப், பாத்ரூமில் பூசும் வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல், இவற்றில் மட்டமான சரக்கு வந்துவிட்டால் திரும்ப உடைக்காமல் சரிசெய்ய முடியாது. குழாயும் ஸ்விட்சும் பிடிக்கவில்லையென்றால் இரண்டு வருஷம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். வயரிங் எங்களுக்கு 1,35,000 ஆனது, இந்த வீட்டில் மனதாரச் செய்த செலவு என்றால் அதுதான். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், எல்லாப் பாயிண்டுக்கும் எர்த், மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஈரக்கையோடு ஹீட்டர் ஸ்விட்சைத் தொடுகிற அம்மா இருக்கிற வீட்டில் இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். பட்ஜெட் குறைந்தால் ஃபால்ஸ் சீலிங்கை விடுங்கள், வார்ட்ரோபை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள்.

மொட்டைமாடிக்குத்தான் நான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன். பத்து சதுரம், அதாவது 1,000 சதுர அடி. நாலு வழி வந்தது. வெள்ளை கோட்டிங் அடிப்பது எல்லாவற்றிலும் மலிவு, இரண்டு நாளில் முடியும். நாலைந்து வருஷத்தில் திரும்ப அடிக்க வேண்டிவரும், வற்றல் காயப்போடுவது, துணி உலர்த்தப் போய் வருவது என்று நடமாட்டம் உள்ள மாடியில் அதைவிடச் சீக்கிரமே தேயும். அதோடு வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரியில்லாமல் தண்ணீர் தேங்கும் மாடியில் என்ன கோட்டிங் அடித்தாலும் நிற்காது. பழைய முறை, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பது. அப்பா கட்டும்போது போட்டது அதுதான், இவ்வளவு வருஷம் காப்பாற்றியதும் அதுதான். அதை எனக்கு மனசுக்குப் பிடிக்கும். ஆனால் நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கத் தெரிந்த ஆட்கள் இப்போது எங்கள் பக்கம் கிடைப்பது கஷ்டம், மூன்று இஞ்ச் கனத்துக்கு சதுர அடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எடை ஏறும். கம்பியில் துரு கண்ட பிறகு, பழையதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு தடவை அவ்வளவு எடையை ஏற்ற எனக்குத் துணிவில்லை.

மூன்றாவது, இப்போது எல்லாத் தெருவிலும் பார்க்கிற ஷீட் கொட்டகை. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மருந்து என்பது உண்மைதான், கீழே நிழல் கிடைப்பதால் வீடு நன்றாகவே குளிரும். ஆனால் எங்களுக்குச் சொன்ன விலை சதுர அடிக்கு 260, அடுத்துச் சொல்லப்போகும் கூல் டைல்ஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஆடிக்காற்றில் ஷீட் படபடக்கும் சத்தத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன், அதோடு அம்மாவுக்கு மாடியில் வானம் தெரிய வேண்டும். நாலாவது கூல் டைல்ஸ். சாமான், கூலி எல்லாம் சேர்த்து 120 ரூபாய் என்ற கணக்கில் 1,20,000. இதைத்தான் எடுத்தோம், ஆனால் நேராகப் பதிக்கவில்லை. பழைய தட்டோட்டில் உடைந்ததை மட்டும் எடுத்து, விரிசலை அடைத்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்து, தண்ணீர் போகும் வாயைச் சாக்கால் அடைத்து மாடி முழுக்க இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்து, கீழே ஒரு பொட்டு ஈரம்கூட வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் டைல்ஸ். பத்தடிக்கு ஒரு இஞ்சாவது வாட்டம் வேண்டும் என்று சொல்லி, மட்டம் பார்க்கும் டியூபை வைத்து நானும் கூட நின்று பார்த்தேன். டைல் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பிப் பதிக்கிறவர்கள் நிறைய, அது வெயிலைத்தான் தடுக்கும். இணைப்பு வழியாக ஒரு நாள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அடியில் இருக்கும் பூச்சுதான் வீட்டைக் காக்கிறது.

சமையலறையை மாடுலராகச் செய்ய 2,40,000 கேட்டார்கள். கடப்பா கல்லில் தட்டு வைத்து, கிரானைட் மேடை போட்டு, முன்னால் அலுமினியக் கதவு மாட்டினால் 1,10,000. தண்ணீரும் கரையானும் புழங்கும் இடத்தில் கல்லை விட்டு பிளைவுட்டுக்குப் போக எந்தக் காரணமும் தெரியவில்லை.

அப்புறம் வீட்டிலேயே இருந்துகொண்டு செய்வதா, வாடகைக்குப் போய்விடுவதா என்ற கேள்வி. இதை எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், நான் முதலில் யோசிக்கச் சொல்வேன். வீட்டிலேயே இருந்தால் அறை அறையாகத்தான் வேலை நடக்கும், அலமாரியை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே இழுக்கும் நேரமெல்லாம் ஆட்கூலியில்தான் சேரும், அதற்கு மேல் தூசி. எங்கள் தெருவிலேயே மாதம் 9,000 வாடகைக்கு ஒரு வீடு மூன்று மாதத்துக்குக் கிடைத்தது, வண்டி வாடகையோடு 31,000 ஆனது. மாசி, பங்குனி, சித்திரை, வேலை தடைப்படாமல் ஓடியது. இந்த மாதங்கள் மாடி வேலைக்கும் நல்லவை, ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பித்தால் சுவர் காயாது, ஈரத்தின் மேல் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் அடுத்த வருஷமே உப்பி உரிந்துவரும். ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரப் பத்து நாளாவது ஆகும், வடமாநிலத்து ஆட்கள் என்றால் ஹோலிக்குப் போய்விடுவார்கள், இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை தவிர்த்து வேலைக்கு மட்டும் ஆன கணக்கு இது. மாடி 1,20,000, சீலிங் 38,000, இரண்டு பாத்ரூம் 1,90,000, வயரிங் 1,35,000, சமையலறை 1,10,000, தரை 84,000, உள்ளும் புறமும் பெயிண்ட் 1,40,000, ரப்பிஷ் வண்டியும் சில்லறையும் 25,000. மொத்தம் 8,42,000. வாடகையைச் சேர்த்தால் 8,73,000. எட்டு லட்சத்தைத் தாண்டியது, புரட்டிய பணத்துக்குள் அடங்கியது. ஆரம்பத்திலேயே 15 சதவீதம் தனியாக ஒதுக்கி, டைல்ஸ் கடைக்குப் போகும்போது அந்தப் பணம் இருப்பதாகவே நினைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்ததுதான் காப்பாற்றியது. இப்போது ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன உதவி உண்டு, 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, அதற்கு முன் வாங்கிய கொட்டேஷன் கையில் இருந்தால் திரும்ப ஒருமுறை விலை கேளுங்கள். கடன் வாங்குகிறவர்கள் கவனிக்க, வருமான வரியில், குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்குப் பழைய வரிமுறையில் வருஷத்துக்கு 30,000 வரைதான் கழிவு, வீடு கட்ட வாங்கும் கடனுக்குக் கிடைக்கும் இரண்டு லட்சம் கிடைக்காது, புதிய வரிமுறையில் இதுவும் இல்லை.

மொத்தக் கான்ட்ராக்ட் யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ள வீட்டைச் சரிசெய்கிறவர், வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடு, இவர்களுக்கு அதுதான் வழி, தினமும் கடைக்கு ஓட அங்கே ஆள் இல்லை. அப்படிக் கொடுத்தாலும் ஒரு நாள் கூலி கொடுத்துத் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அளவும் கம்பெனிப் பெயரும் எழுதி வாங்குங்கள், எக்ஸ்ட்ரா வேலைக்கு என்ன ரேட் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். என் சித்தப்பா வீட்டில் பாதித் தொகையை அட்வான்சாகவே கொடுத்துவிட்டு, உடைத்துப் போட்ட பாத்ரூமோடு ஒன்றரை மாதம் ஆளைத் தேடினார்கள், சித்தி பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள், முடிந்த வேலையைப் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

மாடி வேலை செய்த மேஸ்திரிக்குத் தர வேண்டியதில் 12,000 நிறுத்திவைத்தேன், ஒரு மழை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஆரம்பத்திலேயே பேசியிருந்தேன், அவரும் ‘சரி, பாத்துட்டே குடுங்க தம்பி’ என்றார். ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் அவரே வந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, கூடத்தில் அந்தப் பழைய ஈரம் படர்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், சமையலறை மூலையிலும் வைத்துப் பார்த்தார், காய்ந்தே இருந்தது. அம்மா அவருக்குக் காபி போட்டாள், நான் உள்ளே போய் பணத்தை எடுத்துவந்தேன்.